விட்டுக்கொடுத்தவன்

நல்லம்மாள் தாம்பாளத்தோடு உள்ளே வந்தபோது கார்த்திகேசு கத்திக்கொண்டிருந்தார்.

“பல்லு புடுங்கக் கத்துக்க சிங்கப்பூருக்குக் கப்பலாடா? சூலியா தெரு முக்குக்குப் போ. தகர டப்பாவும் குறடும் வெச்சுக்கிட்டு ஒரு சீனக் கிழவன் குந்தியிருப்பான். மூணே நாள்ல சொல்லிக் குடுத்துருவான்லா!”

மேசைமேல் ஒரு விண்ணப்பத் தாள் கிடந்தது. அவருடைய மகன் ஜெயராஜ் அதன் பக்கத்தில் நின்றிருந்தான். தகப்பன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நான்கு மணிக்குத் தபால் கப்பலேறிவிடும்.

ராமதாஸ் தன் தாய் நல்லம்மாளின் பின்னால், வாசற்படியைத் தாண்டாமல் நின்றான்.

இரண்டு பேரும் ஒரே வகுப்பு. சிங்கப்பூரில் டாக்டருக்குப் படிக்க ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் ஆண்டு அவர்கள் பள்ளியில் ஒருவனுக்குத்தான் உதவிச் சம்பளம். முதல் பெயர் ஜெயராஜ். அடுத்த பெயர் ராமதாஸ். ஜெயராஜோ, அதே கல்லூரியில் புதிதாக ஆரம்பித்திருந்த பல் மருத்துவத்துக்குப் போகிறேன் என்று நின்றான். யாரும் அவ்வளவாகச் சீந்தாத படிப்பு அது.

தகப்பன் ஒப்பாவிட்டால் அவன் டாக்டர் படிப்புக்கே போயாக வேண்டும். அப்படிப் போனால், ராமதாஸுக்குத் திங்கட்கிழமை முதல் துறைமுகக் கிட்டங்கியில் மூட்டைகளுக்கு முத்திரை குத்தும் வேலை.

கார்த்திகேசு ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். இருபத்திரண்டு வருஷமாகப் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டு, தன்னைவிட வயதில் சிறிய டாக்டர்களைக் கண்டு எழுந்து நின்றவர். தன் மகனைக் கண்டும் ஒருநாள் அப்படி எழுந்து நிற்க வேண்டும் என்று ஆசை. அவர்கள் குடியிருந்த டத்தோ கிராமாட் வட்டாரத்தில் அதைக் கேட்டுச் சலிக்காத காது கிடையாது.

நல்லம்மாள் தாம்பாளத்தை அவர் முன்னால் வைத்தார். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், மடித்த வேட்டி.

“அண்ணே, நீங்க பெத்தது புள்ளையில்ல, தெய்வம். தகப்பனில்லாத புள்ள படிச்சு வரட்டும்னு, கைக்கு வந்த டாக்டர் படிப்ப என் மகனுக்கு விட்டுக் குடுத்துருச்சே!”

கார்த்திகேசு தாம்பாளத்தைப் பார்த்தார்.

பிறகு மெல்ல மெல்ல அவர் முகம் இளகியது. மூன்று நாளாகத் திட்டித் தீர்த்த மகனை அப்போதுதான் முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தார்.

“இதுக்குத்தானாடா? வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?”

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பல் டாக்டருக்குத் தகப்பன் என்று சொல்லத்தான் அவருக்குக் கூச்சம். இப்படியொரு பிள்ளைக்குத் தகப்பன் என்று வார்டு வார்டாகப் போய்ச் சொல்லலாமே.

பேனாவை எடுத்து மையில் தோய்த்தார்.

ஜெயராஜ் சும்மா நின்றிருந்தால் போதும். ஒரு மூச்சு நேரம்.

“அப்பா, கொஞ்சம் இருங்க. நான் யாருக்கும் விட்டுக் குடுக்கல.”

பேனா அந்தரத்தில் நின்றது.

“பத்து டாக்டர் படிப்பு சும்மா கெடந்தாலும் நான் பல்லுக்குத்தான்பா போவேன். அந்தச் சீனத் தாத்தா பக்கத்துல சனிக்கெழம சனிக்கெழம உக்காந்து பாத்திருக்கேன். தாடையப் புடிச்சிக்கிட்டு அழுதுகிட்டே வர்றவன் கால் மணி நேரத்துல எந்திரிச்சு நடந்து போறான். தாத்தா கை தடுமாறுற எடத்துலல்லாம் எனக்குக் கை துறுதுறுங்குது. உங்க வார்டுல அப்படி எனக்கு ஒருநாளும் இருந்ததில்லப்பா.”

கார்த்திகேசு பேனாவைக் கீழே வைத்தார்.

“அப்ப இந்தத் தியாகக் கதைய யார்டா கட்டிவிட்டது?”

நல்லம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜெயராஜின் பார்வை ஒருகணம் வாசற்படிவரை போய்த் திரும்பியது.

“நான்தாம்பா. நீங்க கையெழுத்துப் போடணும்னு.”

ராமதாஸ் நிலைக்காலைப் பிடித்துக்கொண்டான்.

கார்த்திகேசு எழுந்தார். அடி விழப்போகிறது என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவர் மேசையைச் சுற்றி வந்து மகனின் வலது கையைப் பற்றினார். புண்ணைப் பார்க்கிற டிரஸ்ஸரைப்போல அதைத் திருப்பித் திருப்பி, விரல் விரலாகப் பார்த்தார். கொஞ்ச நேரம் விடவே இல்லை.

“கையெழுத்து விழப்போற நேரத்துல எவனாவது உண்மையச் சொல்வானாடா, மடப்பயலே?”

உட்கார்ந்தார். போட்டார். தாள் கிழிந்துவிடும்போல அழுத்திப் போட்டார்.

“தாம்பாளத்த எடுத்துக்க தங்கச்சி. யாரும் யாருக்கும் ஒண்ணும் விட்டுக் குடுக்கலியாம். பழத்த மட்டும் வெச்சிட்டுப் போ.”

ஜெயராஜ் அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு ஓடினான். படியிறங்கும்போது ராமதாஸின் தோளில் ஒரு தட்டு. அவ்வளவுதான்.

பல வருஷம் கழித்து ஜெயராஜ் செத்த அன்று, வீட்டு வாசலில் கூடி அவனைப் புகழ்ந்தவர்களில் அவன் கை படாத வாய் அநேகமாக ஒன்றும் இல்லை. டாக்டர் ராமதாஸ் மட்டும் ஓரமாக நின்றார்.

தாயிடம் அந்தக் கதையைச் சொல்லி, வெற்றிலை பாக்கு வாங்கிக் கொடுத்து, அந்த வீட்டுக்குக் கூட்டிவந்தது அவர்தான்.

அதை அவர் ஜெயராஜிடம் சொன்னதில்லை. அவனும் ஒருநாளும் கேட்டதில்லை.