நவரட்ணராஜாவின் தத்துப்பிள்ளை

"பிள்ளையைத் தர ஏலாது. போய் உங்கட மேலிடத்திலை சொல்லுங்கோ" என்று நவரட்ணராஜா கேற்றில் கைவைத்து வழிமறித்தார். உள்ளே மனைவி பத்மாதேவி பால் போத்தலைக் கொதிநீரில் கழுவும் சத்தம் கேட்டது.

வந்தவர் வனவிலங்கு அலுவலர் மர்சூக். பிள்ளை, தெல்தெனியவில் நீர்த்தேக்கக் கரைப் புல்லுக்குள் தனியே கிடந்த மரைமான் குட்டி. வீட்டுக்கு வந்து ஒன்பது நாள்.

தாய் செத்திருக்காது, குட்டியை ஒளித்துவிட்டு மேயப் போயிருக்கும், அப்படியே விட்டிருக்க வேண்டும் என்றார் மர்சூக். எடுத்தது எடுத்ததுதான், இனியாவது பராமரிப்பு நிலையத்துக்குத் தரச் சொன்னார்.

"சேர், மனுசரக் கண்டா அது ஓடணும். நாங்க அதத்தான் பழக்குறோம். நீங்க வளத்தா ஓடாது."

நவரட்ணராஜா சிரித்தார். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் கண்டி வீடு எரிந்து, பதினொரு நாள் அகதி முகாமில் கிடந்தவர் அவர்.

"அரசாங்கம் அநாதைகளைப் பார்க்கிற வடிவு எனக்குத் தெரியும், தம்பி. ஒரு வாளித் தண்ணிக்கு நூறு பேர். மனுசரைக் கண்டு ஓடவும் எங்களுக்கு ஒருதரும் பழக்கத் தேவையில்லை."

வேட்டைக்காரரைப் பற்றி மர்சூக் நினைவூட்டினார். அதற்கும் பதில் தயாராக இருந்தது. எண்பத்தெட்டின் கிளர்ச்சிக் குழப்பத்தில் ஊர் வேட்டைத் துவக்குகளை எல்லாம் பொலிஸ் வாங்கி வைத்துவிட்டது. அந்தப் பட்டியலை அரசாங்கக் கந்தோரில் கிளார்க்காக இருந்து தட்டச்சு செய்தவரே நவரட்ணராஜாதான். மறுநாளே கந்தோர்ப் பெரியவரின் கையெழுத்தோடு 'தற்காலிகப் பாதுகாவலர்' என்று ஒரு கடிதமும் எடுத்துவிட்டார். தட்டச்சு, அதுவும் அவரே.

ஐந்து மாதம் பிள்ளை கட்டிலடியில் படுத்தது, மேரி பிஸ்கட் தின்றது. பின்னேரம் கேற்றடியில் நின்று அவர் ஒரு விசில் அடித்தால், தோட்டத்து மூலையிலிருந்து பாய்ந்து வரும். தன் சொந்தத் தம்பி பிள்ளைகளுக்குக்கூட இந்த மரியாதை தெரியாது என்று கந்தோர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

பத்மாதேவியின் போஞ்சிப் பாத்தி முழுவதையும் அது தின்று தீர்த்த அன்று, வான் வண்டி பிடித்து மேல்காட்டு ஓரத்தில் இறக்கிவிட்டார்கள். இருவரும் அழுதார்கள். படமும் எடுத்து, பின்னால் 'சுதந்திரம்' என்று எழுதி, மர்சூக்குக்குத் தபாலில் அனுப்பினார்.

அதற்கு மூன்றாம் ஞாயிறு மேல் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி பொன்னையா வந்தார். பிரஜாவுரிமை விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த நன்றிக்கு, வாழையிலையில் சுற்றிய காட்டு இறைச்சி. பத்மாதேவி மிளகு தூக்கலாகப் போட்டுச் சமைத்தாள். தயங்கி நின்ற பொன்னையாவையும் நவரட்ணராஜா வற்புறுத்திக் கதிரையில் இருத்தினார்.

பன்றி என்றால் கொழுப்பு இருக்குமே, இது பஞ்சு மாதிரி இருக்கிறதே என்று வியந்து இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார். அப்போதுதான் அவருக்குள் இருந்த கிளார்க் விழித்தார்.

"துவக்கெல்லாம் பொலிஸிலை கிடக்கு. நீர் எப்பிடிப் பொன்னையா பிடிச்சனீர்?"

பொன்னையா வெட்கத்தோடு தலையைச் சொறிந்தார்.

"எங்க நாயக் கூப்பிடத்தாங்க விசிலடிச்சேன். இதுல்ல ஓடி வந்து கைய நக்குச்சு."