கீழே இருக்கிற பிள்ளையார்

“நெசமாவே உனக்குத் தலை சுத்துமாடி?”

மலைக்கோட்டை அடிவாரத்தில், பதினோரு வயதில் அவள் கேட்டது.

வகுப்பு முழுவதும் படியேறிப் போயிருந்தது. கீழே இரண்டு பேர்தான். போலியோ வந்த இடது காலில் இரும்புப் பட்டை கட்டிய அவள். உயரம் ஆகாது என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு நின்றுகொண்ட தில்லைநாயகி.

“சுத்தும், சுத்தும். நீ பொட்டலத்தைப் பிரி.”

எலுமிச்சை சாதம். தின்று முடித்து, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே, அடிவாரத்து மாணிக்க விநாயகரைத் தில்லை கண்ணால் காட்டினாள்.

“உச்சியில இருக்கறவரும் இவருதாண்டி. இங்க கூட்டம் கம்மி, அவ்வளவுதான்.”

அதன்பின் செஞ்சிக் கோட்டையிலும் தில்லைக்குத் தலை சுற்றியது. நாகப்பட்டினம் கலங்கரை விளக்கத்திலும் சுற்றியது.

பாவம், இவளுக்கும் ஒரு குறை இருக்கிறதே என்று அவள் உண்மையாகவே வருந்தினாள். தில்லையின் பேரில் ஒரு வெள்ளிக்கிழமை அர்ச்சனைகூடச் செய்தாள்.

கல்யாணமாகிப் போன தில்லையின் வீட்டுக்கு முதல் தடவை போன அன்றுதான் தெரிந்தது.

மூன்றாவது மாடிக்கும் மேலே, தண்ணீர்த் தொட்டியின் மூடிமீது தில்லை நின்றிருந்தாள். சேலையை இழுத்துச் செருகி, ஒரு காலை விளிம்பில் ஊன்றி, வடாமுக்கு வந்த காக்கைகளைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

கேட்கவில்லை. சில நன்மைகளைக் கேட்டுவிட்டால், செய்தவர் கூசிப்போவார்.

இப்போது இருவருக்கும் நரைத்துவிட்டது. அவள் கைத்தடியோடு நடக்கிறாள். தில்லை, பக்கவாதத்துக்குப் பிறகு, சக்கர நாற்காலியில்.

போன தை மாதம் ஒரு கல்யாணம். மண்டபத்துக்குப் பத்துப் படி. நாலு ஆண்கள் நாற்காலியோடு தில்லையைத் தூக்கினார்கள். ஒருவன் “பாத்து, பாத்து” என்று கத்தினான். பந்தியில் இருந்தவர்கள்கூட எழுந்து நின்று பார்த்தார்கள்.

அன்றிலிருந்து தில்லை வாசல் தாண்டவில்லை.

படத்தெரு என்று ஊர் சொல்லும் குடியிருப்புக்குப் போகலாம் என்று அவள் பல நாள் கெஞ்சினாள். ரயில் பாதைக்குப் பின்னால், வீட்டுவசதி வாரிய வீடுகள். அங்கே குடியிருப்பவர்களே தங்கள் சுவர்களில் படம் வரைந்திருந்தார்கள். ஒவ்வொரு படத்திலிருந்தும் அடுத்ததற்கு வழிகாட்ட, நீலச் சாக்பீஸில் ஓர் அம்புக்குறி.

கடைசியில் தில்லை சம்மதித்தாள்.

“ஒரே ஒரு தடவை வாரேன். எவனாச்சும் தூக்குனான்னு வையி, அதோட நீயும் வராத, நானும் வரல.”

அதனால்தான் நேற்று முழுவதும் அவள் அந்தத் தெருக்களில் நடந்தாள்.

சாக்கடை மூடியின் இடைவெளியில் சக்கரம் சிக்குமா என்று தடியை விட்டுப் பார்த்தாள். முதல் சந்து ஏற்றமாக இருந்தது. பின்பக்கமாக நுழைந்தால் சமதளம். வேப்பமரத்தடியில் கொஞ்சம் நிழல். மல்லிகைப் பந்தல் வரைந்த சுவர், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குச் சரியாக நேர் எதிரே வரும்.

அந்தத் தெருவிலேயே குடியிருக்கும், தையல் மிஷினில் இருந்த மும்தாஜிடம், கழிப்பறைக்கு வரலாமா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டாள்.

“அதுக்கென்னக்கா. கீழ்வீடுதான, வெஸ்டர்ன் டாய்லெட்டு, வாசப்படியும் இல்ல. கூச்சப்படாமக் கூட்டியாங்க.”

வெளியே கிளம்புகிற நாளில் தில்லை தண்ணீரே குடிப்பதில்லை. அவளும் ஆயுள் முழுக்க அப்படித்தான். இன்று இரண்டு பேரும் குடிக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தது. ஒரு மொட்டை மாடியைத் தவிர.

மேலே, நாலு பக்கக் கைப்பிடிச் சுவரிலும் காவிரியை வரைந்திருக்கிறார்களாம். நடுவில் நின்றால் ஆற்றுக்குள் நிற்கிற மாதிரியே இருக்குமாம். படத்தெருவுக்கு வருகிறவர்கள் அதற்காகவே வருகிறார்களாம்.

“நம்ம ஆளுங்களை விட்டு நாற்காலியோட தூக்கிரலாங்க்கா. பூ மாதிரி கொண்டுபோய் வெச்சிருவாங்க.” மும்தாஜ் மனதாரத்தான் சொன்னாள்.

“வேணாம்மா.”

தூக்குகிறவர்களின் மனசு நல்ல மனசுதான். ஆனால் தூக்கப்படுகிறவள், கீழே வைக்கும்வரை, சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவள் அப்படி நிறையச் சிரித்திருக்கிறாள்.

இன்று காலை அவள் தனியாக முன்னால் வந்துவிட்டாள். தண்ணீர் லாரி வந்திருந்தது. தெருவே குடங்களோடு முனையில் நின்றது.

மாடிப்படியின் அடியில் நீல அம்புக்குறி. மேல்நோக்கி.

அதைப் பார்த்தால் தில்லை என்ன சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும். நீ போய்ப் பாத்துட்டு வாடி, நான் இங்கேயே இருக்கேன் என்பாள். அப்புறம் வீடு திரும்பும்வரை உற்சாகமாகப் பேசுவாள். அதன்பின் எங்கும் வரமாட்டாள்.

அவள் படியைப் பார்த்தாள். பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது. மெதுவாக ஏறினால் ஏறிவிடலாம்.

ஏறவில்லை.

முந்தானை நுனியைப் பாட்டில் தண்ணீரில் நனைத்தாள். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அம்புக்குறியை அழுத்தித் துடைத்தாள். ஈரம் காயட்டும் என்று விசிறினாள். பிறகு பையிலிருந்து ஒரு நீலச் சாக்பீஸை எடுத்து, தெருப்பக்கமாக, மல்லிகைப் பந்தலை நோக்கி இன்னொன்று வரைந்தாள்.

கோடு கொஞ்சம் கோணியிருந்தது. பரவாயில்லை.

சாயங்காலம் வந்து பழையபடி போட்டுவிட வேண்டும்.

சந்து முனையில் ஆட்டோ திரும்பும் சத்தம் கேட்டது.

முந்தானையை உட்பக்கமாக மடித்துச் செருகிக்கொண்டாள், நீலம் வெளியே தெரியாதபடி.