கத்தரீனாவின் செருப்பு

“கோபிகா, சவர்க்காரப் பெட்டிக்குள்ளையும் ஒண்டு!”

குளிக்கப் போன கத்தரீனா, பெட்டியை எறிந்துவிட்டுத் திரும்பி ஓடி வந்தாள்.

கோபிகா கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. அவளுடைய போர்வையிலும் ஒரு கரப்பொத்தான் மீசையை ஆட்டிக்கொண்டு நின்றது.

“அடியடி கத்தரீனா! ஏறுது, ஏறுது!”

“ஏன், உனக்குக் கையில்லையோ?”

“கோயில் கொடியேறியிருக்கு. நான் எப்பிடியடி கொல்லுறது? பாவம்.”

“உனக்குப் பாவம். எனக்குப் பாவமில்லையோ?”

சொல்லிக்கொண்டே கத்தரீனா தன் பழைய றப்பர் செருப்பைக் கழற்றினாள். ஒரே அடி.

இரண்டு பேரும் நெடுந்தீவுப் பிள்ளைகள். புளியங்கூடலில் கணினிப் பயிற்சி. தினமும் படகேறி வந்து சேர்வதற்குள் வகுப்புப் பாதி முடிந்துவிடும் என்பதால், மீனலோசனி அன்ரி வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தார்கள். இருந்தார்கள் என்று சொல்வதும் தவறு. கரப்பொத்தான்கள்தான் அங்கே குடியிருந்தன. இவர்கள் ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

கூட்டிப் பார்த்தார்கள். கழுவிப் பார்த்தார்கள். வேப்பிலை புகைத்துத் தாங்களே இருமிப் பார்த்தார்கள். மருந்தடிக்க மட்டும் அன்ரி விடவில்லை. காலையில் பத்தைத் தள்ளிவிட்டுப் போனால், பின்னேரம் இருபது வந்து நிற்கிறது. மனுசர் சோதனைக்குப் படிக்கிறதா, பூச்சிக்குக் காவல் இருக்கிறதா?

சத்தம் கேட்டு அன்ரி வாசலில் வந்து நின்றார். நெற்றி நிறையத் திருநீறு. கண் மட்டும் நேரே நிலத்தில் நசிந்து கிடந்ததில் போய் விழுந்தது.

“திருவிழா நாளிலை என்ரை வளவுக்குள்ளை உயிர்க்கொலையோ? உமக்கு எத்தினை தரம் சொல்லுறது கத்தரீனா?”

“அப்ப என்ன அன்ரி செய்யிறது? நித்திரையிலை வாய்க்குள்ளை போகப் பாக்குது.”

“மீன், மச்சம் இல்லாத இடத்துக்கு இது ஏன் வருது? நான் சமைக்கிற குசினியைப் போய்ப் பாரும். ஒண்டு இருக்கோ? நீர் ஊரிலையிருந்து கருவாடு கொண்டந்து ஒளிச்சு வைச்சிருக்கிறீர்.”

“சத்தியமா இல்லை அன்ரி.”

அன்ரி நம்பவில்லை. பெட்டியைத் திறக்கச் சொன்னார். உடுப்பு, கொப்பிகள், அடியில் அம்மா பனங்கிழங்கில் இடித்துத் தந்துவிட்ட ஒடியல்மா. அதைத் திறந்து எத்தனை தரம் மணந்து பார்த்தும் கருவாட்டு வாசம் வரவில்லை.

கோபிகா மெல்ல வாயைத் திறந்தாள்.

“அன்ரி, கொடியேறின பிறகுதான் இவ்வளவும் வந்தது. அதுக்கு முதல் ஒண்டிரண்டுதான் நிண்டது.”

“அதைத்தானே நானும் சொல்லுறன்! மச்சம் கிடக்கிற இடத்தை அம்மாளாச்சி காட்டித் தாறா. கத்தரீனா, இண்டைக்குப் பின்னேரப் படகுக்கு வெளிக்கிடும்.”

கத்தரீனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அடுத்த மாசம் சோதனை அன்ரி. இப்ப நான் எங்கை போய் அறை தேடுறது? வீட்டை போனா என்ரை படிப்பு அவ்வளவுதான்.”

“அது உம்மடை பாடு.”

வகுப்பில் கத்தரீனாவுக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. போதாக்குறைக்குக் கரண்டும் போனது. எல்லாக் கணினியும் அணைந்து போக, ஆசிரியர் பிள்ளைகளை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

“வா, வந்து பெட்டி கட்ட உதவி செய்,” என்றாள் கத்தரீனா.

வளவுக்குள் நுழைந்து வீட்டின் பின்பக்கம் திரும்பியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

அவர்களுடைய அறை யன்னலுக்கு வெளியே, குசினிக் கதிரையைப் போட்டு ஏறி நின்றார் அன்ரி. கையில் பழைய பால்மாத் தகரப் பேணி. அதை யன்னல் கம்பிக்குள்ளால் உள்ளே கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டினார்.

“போங்கோ, போங்கோ... உள்ளுக்குப் போங்கோ.”

பேணியிலிருந்து பொலபொலவென்று கரப்பொத்தான்கள் அறைக்குள் விழுந்தன.

“அன்ரி!”

கதிரை ஆடியது. அன்ரி கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன பிள்ளையள்... இண்டைக்கு வகுப்பில்லையோ?”

“உதென்ன அன்ரி செய்யிறியள்?”

“குசினி முழுக்க இதுதான் பிள்ளை. கூட்டி அள்ளிக்கொண்டு வாறன். திருவிழா நாளிலை நான் கொல்லேலாதே.”

“அதுக்கு எங்கட அறையே கிடைச்சது?” கோபிகா கத்தினாள்.

அன்ரி குரலைத் தாழ்த்தினார்.

“இஞ்சை விட்டா கத்தரீனா அடிச்சுப்போடுவாள்தானே. சேச்சுக்குப் போற வேதக்காரப் பிள்ளை. அவளுக்குப் பாவமில்லை.”

காலையில் கட்டிலில் நின்று தான் கத்தியது கோபிகாவுக்கு ஞாபகம் வந்தது.

கத்தரீனா அறைக்குள் போனாள். உடுப்பை அடுக்கினாள், கொப்பிகளை அடுக்கினாள். கடைசியாக அந்த றப்பர் செருப்பைப் பேப்பரில் சுற்றி மேலே வைத்துப் பெட்டியை மூடினாள்.

“போட்டு வாறன் அன்ரி.”

புதிதாக வந்து விழுந்த கரப்பொத்தான்களுக்கு அந்த அறை பிடிக்கவில்லை போலும். கதவு நீக்கலால் ஒவ்வொன்றாகப் புறப்பட்டு, குசினிப் பக்கமே திரும்பி ஓடின. அன்ரி அவற்றைப் பார்த்தார். கத்தரீனாவின் பெட்டியைப் பார்த்தார். ஓடிவந்து பெட்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“கோவிக்காதையும் பிள்ளை. கொடி இறங்குமட்டும் எண்டாலும் நில்லும். முதல்லை அந்தச் செருப்பை வெளியிலை எடும்!”