கட்டில் போட்ட சத்தம்

ஒரு வீட்டில் ஒரு பழைய இரும்புக் கட்டிலும், அதன் பக்கத்தில் தரையில் ஒரு கோரைப்பாயும் கிடந்தன. கட்டிலில் குடலில் புற்றுநோய் வந்த வேதமுத்து படுப்பார். பாயில் அவர் மனைவி ராஜகனி.

"இவரு ராத்திரி பூரா தூங்குறதே இல்ல," என்றது கட்டில். "வலியில புரளணும்னு இருக்கும். நான் கிறீச்சுன்னு சத்தம் போட்டா அந்தம்மா முழிச்சிருவாளேன்னு அசையாம கிடக்காரு."

"அட பாவமே," என்றது பாய். "அந்தச் சத்தம் கேட்டாத்தான் இவளுக்கு உசுரே வருது. கேக்கலன்னா எந்திரிச்சு உக்காந்து, அவரு நெஞ்சு ஏறி எறங்குதான்னு விடிய விடியப் பாத்துக்கிட்டே இருக்கா."

கட்டிலுக்கு மனசு கேட்கவில்லை. அன்றிரவு அவர் அசையாமல் கிடந்தபோது, தானாகவே ஒருமுறை கிறீச்சிட்டது. ராஜகனி பெருமூச்சு விட்டாள். பல நாளுக்குப் பிறகு அயர்ந்து தூங்கினாள்.

அந்தப் பெருமூச்சு வேதமுத்துவின் காதில் விழுந்தது. 'பாவம், முழிச்சிட்டா' என்று நினைத்துக்கொண்டார்.

விடிந்ததும் சுவரைப் பிடித்தபடி எழுந்து போய், தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து கட்டிலின் மூட்டு ஒவ்வொன்றிலும் விட்டார்.

அன்று இரவு கட்டில் எவ்வளவோ முக்கிப் பார்த்தது. சத்தமே வரவில்லை.

கீழே ராஜகனி எழுந்து உட்கார்ந்தாள்.