செத்தவள் சிரிக்கும் ஷாட்

பணத்தைத் தண்ணீராய் இறைத்து எடுத்த காதல் படம். கண்ணாடி மாளிகை, கடைசியில் நாயகியின் சாவு. சாவுக் காட்சியில் நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் அவர் உயிருக்கு ஆகாது என்பார்கள் சினிமாக்காரர்கள். எடிட்டருக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் நாயகி அவனுடைய சொந்தத் தங்கை.

போனில் அவளே கேட்டாள். "அண்ணா, மறக்காம சிரிச்சேன். பாத்தியா?"

"இப்பதாம்மா ஓட்டுறேன்."

திரையில் தங்கை பூமெத்தையிலிருந்து எழுந்தாள், பல் தெரியச் சிரித்தாள், பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஃபிரேமைத் தாண்டிப் போனாள். கேமராவை யாரும் நிறுத்தவில்லை. அவள் எழுந்துபோன மெத்தையில் அவளே கண்மூடிக் கிடந்தாள்.

"என்னண்ணா, நல்லா வந்திருக்கா?"

"வந்திருக்கும்மா" என்றான், கிடந்தவளின் உதடுகளைப் பார்த்தபடி.

அவள் இன்னும் சிரிக்கவில்லை.