ஒரு வழக்கும் இல்லாத கிராமம்

காவல் நிலையப் படியேறும்போதே பாக் சுகியார்த்தோவின் முகம் கறுத்திருந்தது.

அவருடைய கிராமத்துப் பெண் ஒருத்தி, அவரைத் தாண்டி நகரத்துக் காவல் நிலையத்துக்கே வந்து, புருஷன்மேல் புகார் கொடுக்கிறாளாம்.

ஜாவாவின் அந்த மலையடிவாரக் கிராமத்துக்கு அவர்தான் போலீஸ். கோழித் திருட்டோ வாய்க்கால் தகராறோ, அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பேசினால் முடிந்தது. எந்த விருந்திலும் மஞ்சள் சோற்றுக் கோபுரத்தின் உச்சி அவர் தட்டுக்குத்தான் வரும்.

புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் இருவரையும் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார வைப்பார். அவன் மன்னிப்புக் கேட்பான். அவள் அழுது ஓய்வாள். ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார்.

தையல்காரி சுபார்த்தி பலமுறை வந்தாள். பிறகு வருவதை நிறுத்திவிட்டாள். ஒருவழியாகச் சமாதானமாகிவிட்டார்கள் என்று அவர் சந்தோஷப்பட்டார்.

ஒரு வழக்கும் இல்லாத கிராமம் என்று போன மாதம்தான் மேலதிகாரி அவரை மேடையேற்றிப் பாராட்டினார்.

இந்தப் பெண்ணையும் பேசி அழைத்துப் போய்விடலாம். குடும்பம் என்றால் நாலும் இருக்கும், கோபத்தில் எடுக்கிற முடிவு நிலைக்காது என்று சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.

அறைக்குள், வேலைக்குப் புதிதாக வந்திருந்த பெண் போலீஸ் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். எதிரே, முக்காடிட்ட பெண் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

இடது கண் வீங்கி மூடிக்கிடந்தது. கீழுதடு கிழிந்திருந்தது.

அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எங்கிட்ட வந்திருக்கலாமேம்மா..."

குரல் போலீஸ்காரருடையதாக இல்லை.

அவள் கோபப்படவில்லை. கிழிந்த உதட்டை மெல்ல அசைத்தாள்.

"வந்தா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதா, அப்பா? நம்ம வீட்டுக் கூடத்துல அழுதுக்கிட்டு உக்காந்திருந்த அக்காங்களுக்கெல்லாம் டீ போட்டுக் குடுத்தது நாந்தானே."

தட்டச்சு நின்றது.

யார் முகத்தைப் பார்ப்பதென்று தெரியாமல் அந்தப் பெண் போலீஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.