புழக்கடைக் கொட்டகையும் ஏழாவது விதியும்

“ஊர் ஜனங்க எல்லாரும் காது குடுத்துக் கேளுங்க! இன்னையிலேர்ந்து புழக்கடையில ஒரு கழி நட்டு, அதும்மேல ஒரே ஒரு ஓலை போட்டாலும் போர்டு பர்மிட்டு வாங்கணும்! டம்... டம்... டம்!”

ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து சென்னைப் பட்டணமே மூட்டை முடிச்சோடு ரயிலேறிக்கொண்டிருந்த 1942 சித்திரை அது. வந்து இறங்குகிறவர்களுக்காகத் திருத்தணியில் புழக்கடைதோறும் கொட்டகை முளைத்தது. யுத்தத்தை நிறுத்த முடியாவிட்டாலும் கொட்டகையையாவது நிறுத்திவிடுவது என்று பஞ்சாயத்து போர்டு ஹெட்கிளார்க் ராஜமாணிக்கம் தீர்மானித்தார். பதினொரு விதிகள் எழுதினார். படித்து வியக்க வேறு ஆள் இல்லாததால் அந்த வேலையையும் அவரே பார்த்துக்கொண்டார்.

அன்று மத்தியானமே மிஷன் பள்ளிக்கூடத்துத் தபிதாள் டீச்சர் வந்து நின்றார்.

“புழக்கடைக் கொட்டகை விஷயமா வந்தேன் சார். சனிக்கெழம ரயில்ல எம்பொண்ணு தேவசுந்தரி வர்றா. கைக்கொழந்த, மாமனார், மாமியார் எல்லாரும் வர்றாங்க. எங்களுக்கு இருக்கறது ஒத்தை ரூமு. கொட்டகை இல்லாட்டி அவங்க வெட்டவெளியிலதான் படுக்கணும்.”

“பர்மிட்டு இருக்குதா?”

“இல்லீங்களே. கேட்டா எத்தினி நாளாவும்?”

“பிளான் மூணு காப்பி, ஓவர்சீயர் ரிப்போர்ட்டு, அப்புறம் போர்டு மீட்டிங். மூணு மாசம்.”

“பர்மிட்டு இல்லாத கொட்டகைன்னா?”

“விதி ஏழு!” ராஜமாணிக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “தண்டோராவுக்கு முன்னாடியே போட்டதா இருந்தா நோட்டீஸ் உடுவோம். ஆறு மாசத்துல பிரிச்சிடணும். அதுக்கு மேல ஒரு நாள் நின்னா, நானே ஆள் வெச்சிப் பிரிப்பேன்.”

“ஆறு மாசந்தானா சார்?”

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ராஜமாணிக்கத்துக்கு மனசு குளிர்ந்தது. சட்டம் என்றால் இப்படி நாலு பேரை வியர்க்க வைக்க வேண்டாமா? பேனாவை எடுத்தார்.

“நீளம்?”

“பதினெட்டு அடிங்க.”

“அகலம்?”

“பத்து.”

“கூரை?”

“பன ஓலைதாங்க. கூரை மேயற எல்லப்பன் வேலை.”

“எப்ப போட்டது?”

“தண்டோரா சத்தம் கேட்டதும் போட்டது போட்டபடி ஓடியாந்தேன் சார்.”

‘தண்டோராவுக்கு முன்’ என்று எழுதிக்கொண்டார் ராஜமாணிக்கம்.

“விதிப்படி நீங்க நேர்ல வந்து அளக்கணுமில்ல? வாங்களேன் சார்.”

அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மலைப்படிகளில் கானல் ஆடியது. மிஷன் வீடுகள் ரயில் பாதைக்கு அந்தண்டை, ஒரு மைல் தூரம்.

“வேதக்காரங்க, பாடம் சொல்லித் தர்றவங்க. நீங்க பொய் சொல்லுவீங்களா?”

“இதுவரைக்கும் சொன்னதில்லீங்க.”

‘நான் நேரில் சென்று பார்வையிட்டு, அங்குலம் பிசகாமல் அளந்த மேற்படி கொட்டகையை இன்று முதல் ஆறு மாத காலத்துக்குள்...’ என்று ஓடியது நோட்டீஸ். கையெழுத்து, முத்திரை எல்லாம் ஆயிற்று. நகல் அன்றைய தபாலிலேயே தாலுகா ஆபீசுக்குப் போயிற்று. டீச்சர் ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

“டீச்சரம்மாவுக்கே நோட்டீசு!” என்று வாயைப் பிளந்தான் பியூன் துரைக்கண்ணு. “ஐயா முன்னாடி வெள்ளக்காரங்கூட நிக்க முடியாதுங்க.”

ராஜமாணிக்கம் அடக்கமாக மறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

மறுநாள் காலை, நோட்டீசைக் கொட்டகைக் கதவில் ஒட்டுவதற்காகப் பசைச் சட்டியோடு போன துரைக்கண்ணு, ஒட்டாமலே திரும்பி வந்தான்.

“ஏண்டா ஒட்டல? தடுத்தாங்களா?”

“ஐயோ, இல்லீங்க. மோர் குடுத்து ஒக்கார வெச்சாங்க. சாயங்காலமா வந்து ஒட்டச் சொன்னாங்க.”

“சாயங்காலம் என்னடா விசேஷம்?”

“எல்லப்பன் இப்பத்தாங்க மொதல் கழிக்குக் குழி தோண்டிகினு இருக்கான்.”

ராஜமாணிக்கம் நேரில் போய் அளந்த புழக்கடையில் அன்றுவரை இருந்தது ஒரு முருங்கைமரம்.